கடைசி மூட்டை

மார்ச் 7, வெள்ளி

கடுகுக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. உன் அண்ணன் அப்படித்தான் சொல்வார், எனக்கும் அதுதான் வாயில் வருகிறது. நான் உன் அண்ணி. பாக்கெட்டில் காகிதம் இருக்கிறதே என்று பயந்துவிடாதே. நான்தான் வைத்தேன்.

உங்கள் இல்லத்துத் துணியெல்லாம் நான் வேலை செய்யும் லாண்டரிக்குத்தான் வருகிறது. செவ்வாய்க்கிழமை அழுக்காக வரும், வெள்ளிக்கிழமை வெளுத்துத் திரும்பிப் போகும். ஓட்டல் துணி, ஆஸ்பத்திரித் துணி, உங்கள் துணி எல்லாவற்றுக்கும் காலரில் நம்பர் பட்டை தைப்பது என் வேலை. இங்கே எனக்குப் பேரே லேபிள் அக்காதான். நாற்பத்தாறு உன் நம்பர் என்று உன் அண்ணன் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் அந்த நாற்பத்தாறை எத்தனை தடவை தைத்திருப்பேனோ, யாருடையது என்று தெரியாமலே.

தபாலில் போட்டால் வார்டு சிஸ்டர் பிரித்துப் படிப்பார்களாமே. அதனால்தான் இப்படி. பதில் எழுதினால் இதே பாக்கெட்டில் வைத்து அழுக்குத் துணியில் போடு. மெஷினுக்குப் போகும் முன்னால் எடுத்துவிடுவேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உனக்கு எப்படி ஆரம்பித்தது?

எனக்குக் கொஞ்ச நாளாக என்னமோ செய்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்குவேன், பூட்டினேனா என்று சந்தேகம் வரும். ஏறிப் போய் இழுத்துப் பார்ப்பேன். இறங்கினால் மறுபடி அதே. நேற்று ஏழு தடவை. கீழ் வீட்டுக்காரி, "என்னக்கா, படிக்கட்டை அளக்கறீங்களா?" என்று கேட்டாள். பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு அடைக்கிறது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே போகிறேன். பெரிய மெஷின் சுற்றும்போது உள்ளேயிருந்து யாரோ என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. யாரோ இல்லை. தெரிந்த குரல்தான். இதை வெளியில் சொன்னால், உன்னை அனுப்பின மாதிரி என்னையும் அனுப்பிவிடுவார்கள். அப்புறம் பாப்பாவுக்கு யார் இருக்கிறார்கள்?

இதுதானா அது? நீயும் இப்படித்தான் ஆரம்பித்தாயா?

மேலேயே எழுதியிருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கை வரவில்லை. உன் அண்ணன் நவம்பர் பதினாலாம் தேதி போய்விட்டார். பஸ் ஓட்டும்போதே. ஓரமாக நிறுத்தி, பிரேக் போட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருக்கிறார். சிக்னலில் தூங்குகிற மாதிரி நடித்து பஸ்ஸையே சிரிக்க வைப்பாரே, அதுதான் என்று நினைத்து எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கண்டக்டர் கூடச் சிரித்தாராம். அப்புறம்தான் போய்த் தொட்டிருக்கிறார்.

உனக்குச் சொல்லாமல் இருந்தது என் தப்பு.

அண்ணி


மார்ச் 11, செவ்வாய்

அண்ணி,

நாலு மாதமாக, மாதத்தின் முதல் ஞாயிறு. அவன் வரும் நாள். டிசம்பரில் ஜுரம் என்று வைத்துக்கொண்டேன். ஜனவரியில் பஸ் ரிப்பேர். பிப்ரவரியில், இவனுக்கும் நான் அலுத்துப்போய்விட்டேன் என்று முடிவு கட்டி மனசுக்குள் அசிங்கமாகத் திட்டினேன். இந்த மாதம் தலைகூட வாரவில்லை. அத்தனை நாளும் அவன் இல்லாமல் போயிருக்கிறான். நான் இல்லாதவனைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் கழிவறையில் நின்று படித்தேன். இங்கே அழுதால் தாளில் எழுதுவார்கள். சிரித்தாலும் எழுதுவார்கள், "காரணமின்றிச் சிரித்தார்" என்று. காரணத்தை அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால் சிஸ்டரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, தாடையைப் பிடித்துக்கொண்டு ரெண்டு நாள் அழுதேன். பல்வலிக்கு அழலாம். அதற்கு அனுமதி உண்டு.

பதினோரு வருஷம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, "உனக்கு எப்படி ஆரம்பித்தது" என்று கேட்கிறீர்கள். ஸ்வெட்டருக்கு முதல் கண்ணி எப்படிப் போடுவது என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. எனக்குக் கோபம். பதில் அடுத்த வாரம். இந்த வாரம் முழுக்க அவனுக்கு.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். பாப்பாவுக்கு இப்போது பதிமூன்று வயசு இருக்கும். அத்தை என்று ஒருத்தி இருப்பது அவளுக்குத் தெரியுமா?

கடுகு


மார்ச் 14, வெள்ளி

கடுகு,

தெரியாது. அப்பா ஒரே பிள்ளை என்றுதான் சொல்லி வளர்த்திருக்கிறேன். உன் அண்ணன் அப்படிச் சொல்லவும் மாட்டார், நான் சொன்னால் மறுக்கவும் மாட்டார். எழுந்து வெளியே போய்விடுவார்.

ஆரம்பித்ததோடு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூட்டைக்கு இங்கே கடைசி மூட்டை என்று பேர். மற்றதெல்லாம் துவைத்து முடித்த பிறகு, ஓரத்தில் இருக்கும் பழைய மெஷினில், கையுறை மாட்டிக்கொண்டு போடுவார்கள். ஆஸ்பத்திரித் துணியில் ரத்தம் இருக்கும், சீழ் இருக்கும். அதை வெறும் கையில் அள்ளுவார்கள். உங்கள் துணியில் வியர்வை தவிர ஒன்றும் இருக்காது. ஆனாலும் கையுறை.

அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தது நான். எட்டு வருஷம் முன்னால் முதல் தடவை அந்த மூட்டை வந்து இறங்கியபோது, எங்கள் இஸ்திரி அக்கா, "அந்த இடமா? அங்க யாருக்காவது ஆள் இருக்கா?" என்று சும்மா கேட்டாள். எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். என் முகம் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று எனக்கு உயிரே போனது. "ஐயோ, தனியா துவைங்கப்பா, ஒட்டிக்கப் போகுது" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறு வாரத்திலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. ஒரு பேச்சுக்குச் சொன்னது, எட்டு வருஷமாக ஓடுகிறது. இப்போது நானே அந்த மூட்டையைப் பிரிக்கிறேன் என்றதும், "லேபிள் அக்காவுக்கு என்ன வேண்டுதலோ" என்று கேலி செய்கிறார்கள்.

இன்னொரு விஷயம். இல்லத்திலிருந்து உன் அண்ணன் பேருக்குக் கடிதம் வந்திருக்கிறது. உங்கள் வார்டை மூடுகிறார்களாம். நீ வீட்டில் இருக்கலாமாம், ரெண்டு வருஷம் முன்னாலேயே வந்திருக்கலாமாம். வீட்டார் ஒருத்தர் ஏப்ரல் பதினொன்றுக்குள் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போக வேண்டும். யாரும் வராவிட்டால் தொலைவில் இருக்கும் பெரிய காப்பகத்துக்கு மாற்றிவிடுவார்கள். அவர் போன பிறகு உனக்கு வீட்டார் என்றால் நான்தான்.

கடுகு, எனக்கு உன்னை நினைத்தாலே பயம். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது. அந்த மத்தியானம் நான் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தேன். பாப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். ரெண்டு வயசு. நீ அவள் பின்னால் நிற்கிறாய். கத்தரிக்கோல் அவள் கழுத்தில் இருக்கிறது. நான் கத்தினேன். நீ திரும்பினாய். உன் கையில் ரத்தம். இதற்கு மேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்? அன்றிலிருந்து வீட்டுக் கத்தரிக்கோல் பீரோவில் பூட்டித்தான் இருக்கிறது. லாண்டரியில் நாள் பூராக் கத்தரியோடு இருக்கிறேன், அங்கே ஒன்றும் இல்லை. வீட்டில் அதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை.

கையெழுத்துக் காகிதம் மேஜை மேல் கிடக்கிறது. அதைச் சுற்றிச் சுற்றிப் போகிறேன்.

அண்ணி


மார்ச் 18, செவ்வாய்

அண்ணி,

கேட்டதற்கு வரிசையாகப் பதில்.

எப்படி ஆரம்பித்தது. ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது. மேனேஜர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஒருநாள் அவர் சொல்லாததும் காதில் விழ ஆரம்பித்தது. நான் வேலையில் கெட்டி, அதையும் விடாமல் அடித்துவிட்டேன். அப்படி மூன்று கடிதம் போய்விட்டது. ஒன்றில், "தங்களின் மேலான கவனத்திற்கு" என்பதற்கு அடுத்த வரி, "உன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள்" என்று இருந்ததாம். வாடிக்கையாளர் நல்ல மனுஷர். "தங்கள் கடிதம் கிடைத்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை" என்று பதில் போட்டிருந்தார். எனக்கு இந்தப் பதினோரு வருஷத்தில் கிடைத்த ஒரே ஆறுதல் அந்த மனுஷர்தான். சொன்னதைப் பொய் என்று சொல்லாமல், திரும்பிப் பார்த்தாரே.

உங்களுக்கும் அதுவா என்று கேட்டீர்கள். நான் டாக்டர் இல்லை, நீண்ட நாள் சர்வீஸ் உள்ள நோயாளி. எனக்குக் கேட்டதெல்லாம் முன்பின் தெரியாத குரல்கள், உத்தரவு போடும். உங்களுக்குக் கேட்பது அண்ணன். அவன் என்ன சொல்கிறான்? பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், அவ்வளவுதானே? நாலு மாதம் முன்னால் வரை தினமும் கேட்ட குரல். காதுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனசு டாக்டர் வரிசையில் நில்லுங்கள். பூட்டை ஏழு தடவை இழுத்துப் பார்க்கிறவர்களை எல்லாம் உள்ளே வைப்பதென்றால், எங்களைப் பூட்ட வெளியில் ஆள் இருக்காது.

இப்போது கத்தரிக்கோல்.

பாப்பா அன்று புது கவுன் போட்டிருந்தாள், மஞ்சள். கழுத்துக்குப் பின்னால் கம்பெனிப் பட்டை, முரட்டு நைலான். காலையிலிருந்து அழுது அழுது கழுத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். தோல் சிவந்துவிட்டது. கழற்றப் போனால் இன்னும் அலறினாள், புதுசாயிற்றே. அதனால் போட்டபடியே பட்டையை வெட்டினேன். பாதி வெட்டியிருப்பேன், நீங்கள் கத்தினீர்கள்.

அன்றும் எனக்குக் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மறைக்க மாட்டேன். அது கத்தரிக்கோலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஜன்னலை மூடு, ஜன்னலை மூடு என்றது. ஆனால் அண்ணி, நூறு தடவை யோசித்திருக்கிறேன். நீங்கள் வராமல் இருந்திருந்தால் நான் பட்டையை மட்டும்தான் வெட்டியிருப்பேனா? அப்படித்தான் நினைக்கிறேன். "நினைக்கிறேன்" என்றுதான் எழுத முடிகிறது. என்னைப் பார்த்து உங்களுக்கு இருக்கும் பயம் எனக்கும் உண்டு. நீங்கள் தள்ளி இருந்துகொண்டீர்கள். எனக்கு அந்த வசதி இல்லை.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்பீர்கள். சொன்னேன். ஜன்னல், பின்னால் நிற்கிறவர்கள், பட்டை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அதில் எது நிஜம் என்று யார் பொறுக்கி எடுப்பார்கள்?

கடுகு


மார்ச் 21, வெள்ளி

கடுகு,

உன் கடிதத்தை நான் இன்னும் படிக்கவில்லை. காதால்தான் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை என்னால் வேலைக்குப் போக முடியவில்லை. பூட்டினேன், இறங்கினேன், ஏறினேன். பத்துக்கு மேல் எண்ணவில்லை. கடைசியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அங்கேயே இருந்தேன். "சாவி தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டாள். சாவி என் கையில் இருந்தது.

நான் வராத அன்று கடைசி மூட்டையைப் பிரித்தது இஸ்திரி அக்கா. பாக்கெட்டில் காகிதம் இருந்ததாம். மறுநாள் சாப்பாட்டு அறையில் நான் டப்பாவைத் திறக்கிறேன், அவள் நாற்காலி மேல் காலை வைத்துக்கொண்டு, "கேளுங்கடி, பைத்தியம் எழுதின லெட்டர்" என்று ஆரம்பித்தாள். "அண்ணி" என்றுதானே எழுதியிருந்தாய், பேர் இல்லை. அண்ணி யார் என்று யாருக்கும் தெரியாது.

மேனேஜர் சொல்லாததையும் நீ அடித்த இடத்தில் ஒருத்தி தண்ணீரைத் துப்பிவிட்டாள். "திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை" என்ற இடத்தில் அறையே அதிர்ந்தது. நானும் சிரித்தேன், கடுகு. மற்றவர்களை விடச் சத்தமாகச் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்களே. பூட்டைப் பற்றி வந்தபோது இஸ்திரி அக்கா கொஞ்சம் திக்கினாள். கத்தரிக்கோல் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவளும் மெதுவாகத்தான் படித்தாள். முடித்ததும் ஒருத்தி, "பாவம்தான்" என்றாள். இன்னொருத்தி, "பாவமாவது. அந்த அண்ணி கில்லாடி, அந்தப் பக்கமே போகல பாத்தியா. நானா இருந்தாலும் போக மாட்டேன்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் அம்மா ஆயிற்றே. "நானும் போக மாட்டேன்" என்றேன்.

கடிதம் இஸ்திரி அக்கா பையில் இருக்கிறது. கேட்க எனக்கு வாய் இல்லை.

நீ சொன்ன பட்டை எனக்கு ஞாபகமே இல்லை. மஞ்சள் கவுன் ஞாபகம் இருக்கிறது, ரத்தம் ஞாபகம் இருக்கிறது. நீயே "நினைக்கிறேன்" என்றுதான் எழுதியிருக்கிறாய். நான் எதை நம்பி உன்னையும் பாப்பாவையும் ஒரு வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன்? அதுவும் நானே இப்படி இருக்கும்போது. என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று தோன்றுகிறது. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணி


மார்ச் 25, செவ்வாய்

அண்ணி,

நன்றாகச் சிரித்தார்களா? தண்ணீரைத் துப்பினவளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பதினோரு வருஷத்தில் நான் சொன்ன ஜோக்குக்கு வெளியாள் சிரித்தது இதுதான் முதல் தடவை. இங்கே என் பக்கத்துக் கட்டில்காரி ஜோக் சொல்லி முடிக்கும் முன்னாலேயே சிரித்துவிடுவாள், அது கணக்கில் சேராது. நீங்கள் சிரித்ததைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நீங்கள் எவ்வளவு பயந்திருந்தால் அவ்வளவு சத்தமாகச் சிரித்திருப்பீர்கள் என்றுதான் தோன்றியது.

கையெழுத்துப் போடாவிட்டால் என்ன என்றுதானே உங்களுக்கு இருக்கும். கெஞ்சக் கூடாது என்று உட்கார்ந்தேன். ஆனால் பயத்தை நீங்கள் மட்டும்தான் எழுத வேண்டும் என்று இல்லையே.

அந்தப் பெரிய காப்பகத்திலிருந்து ஒருத்தி இங்கே மாற்றலாகி வந்தாள். அங்கே துணிக்கு நம்பர் கிடையாதாம். எல்லாம் பொது. குளித்துவிட்டு வரிசையில் நின்றால், குவியலிலிருந்து எது கைக்கு வருகிறதோ அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். பாக்கெட் வைத்த துணியே இல்லையாம். எனக்கு இந்த நாற்பத்தாறு மேல் அப்படி ஒரு வெறுப்பு இருந்தது. இப்போது ராத்திரி படுக்கும்போது காலருக்குள் விரலை விட்டு அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் தைத்தது என்று தெரிந்த பிறகு. அங்கே போய்விட்டால் நான் எந்தத் துணிக்குள் இருக்கிறேன் என்று உங்களுக்குக் கூடத் தெரியாது.

கடைசியாக ஒன்று. அந்த மஞ்சள் கவுன் எங்கே? அண்ணன் அதை எடுத்து வைத்தான். ஒவ்வொரு முதல் ஞாயிறும், "அண்ணிகிட்ட காட்டினியா?" என்று கேட்பேன். "பையிலயேதான் இருக்கு, நேரம் பாத்துக் காட்டறேன்" என்பான். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். அவன் எதைத்தான் நேராகச் சொன்னான். ஆனாலும் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நான் வற்புறுத்த மாட்டேன்.

கடுகு


ஏப்ரல் 1, செவ்வாய்

அண்ணி,

வெள்ளிக்கிழமை பாக்கெட் காலி.

ரெண்டு பாக்கெட்டும் பார்த்தேன். துவைத்து வந்த என் வார்டு கவுனை உதறிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரியின் கவுனையும் உதறினேன், நாற்பத்தேழு, கை தவறி அதில் வைத்திருப்பீர்களோ என்று. சிஸ்டர், "என்ன தேடற?" என்றாள். பல்லை என்றேன். சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

நேற்று எங்கள் தட்டு, தம்ளர் எல்லாம் எண்ணிப் பெட்டியில் போட்டார்கள். பதினெட்டுப் பேரில் பன்னிரண்டு பேருக்கு ஆள் வந்தாயிற்று.

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? அதை மட்டுமாவது எழுதுங்கள். வர மாட்டேன் என்று எழுதினாலும் பரவாயில்லை. காகிதம் இருந்தால் போதும்.

கடுகு


ஏப்ரல் 4, வெள்ளி

கடுகு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வெள்ளிக்கிழமை வைப்பதற்கு என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அதான் காலி. நீ அப்படித் தேடுவாய் என்று தெரிந்திருந்தால் வெறும் காகிதமாவது வைத்திருப்பேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடந்துதான். தலையில் துணியை இழுத்து மூடிக்கொண்டு, நீ சொன்ன அந்த வரிசையில் போய் நின்றேன். எனக்கு மூன்று பேர் முன்னால் ஒருத்தி என்னை மாதிரியே மூடிக்கொண்டு நிற்கிறாள். திரும்பினாள். இஸ்திரி அக்கா.

தலைத் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். அப்புறம் அவள், "பல்வலி" என்றாள். நானும், "எனக்கும்தான்" என்றேன். "எந்தப் பல்லு?" "கடைவாய்ப் பல்லு. உனக்கு?" "எனக்கு எல்லாப் பல்லும்" என்றாள். பல் டாக்டர் எதிர்க் கட்டடத்தில் இருக்கிறார்.  அப்புறம் அவளே தன் இடத்தை விட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றாள். ஆறு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறாளாம். பூட்டு இல்லை, அவளுக்கு கேஸ் அடுப்பு. "உன்னோட லெட்டர்தானே அது?" என்று கேட்டாள். "நீ சிரிச்ச சிரிப்புலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நானும் அப்படித்தான் சிரிப்பேன்" என்றாள். "அப்ப ஏன் படிச்சுக் காட்டின?" என்றேன். "நீ ஏன் ஒட்டிக்கும்னு சொன்ன?" என்றாள்.  கடிதத்தை நாலாக மடித்து என் கையில் வைத்தாள். இஸ்திரி போட்டிருந்தாள் போல, மடிப்பெல்லாம் அவ்வளவு நேர்.

டாக்டர் சின்னப் பெண். நான் சொன்னதைக் கேட்டாள், மெஷின் குரல் உட்பட. மாத்திரை எழுதிக் கொடுத்தாள். உள்ளே பிடித்து வைப்பார்களா என்றேன். வீட்டில் யார் இருக்கிறார்கள், பேச ஆள் உண்டா என்றாள். பொண்ணு இருக்கிறாள் என்றேன். பெரியவர்கள் யாராவது என்றாள். நாத்தனார் என்று வாயில் வந்துவிட்டது. சொல்லிவிட்டு நானே திரும்பிப் பார்த்தேன், யார் சொன்னது என்று.

அன்று சாயங்காலம் உன் அண்ணன் பையை எடுத்தேன். டிப்போவில் கொடுத்த பை. நவம்பரிலிருந்து கட்டிலடியில் கிடந்தது, திறக்கவே இல்லை. திறந்தால் அவர் வாசனை வந்துவிடும், தாங்க மாட்டேன் என்று ஒரு பயம். வந்தது. சீப்பு, தண்ணீர் பாட்டில், மாற்றுச் சட்டை. சட்டைக்குள் சுருட்டி வைத்த மஞ்சள் கவுன்.

உனக்கு எழுத்துத் தெரியும், எனக்குப் பட்டை தெரியும். கோபத்தில் வெட்டினது, அவசரத்தில் வெட்டினது, பார்த்து வெட்டினது எல்லாம் வேற வேற. இது தையல் ஓரமாக ஒவ்வொரு நூலாக வெட்டினது. பாதி வரைக்கும். கழுத்துத் துணியில் ஒரு நூல் பிசிறவில்லை. போட்டிருக்கும் கவுனில் அப்படி வெட்ட வேண்டுமென்றால், பட்டைக்கு அடியில், குழந்தை கழுத்துக்கும் கத்தரிக்கும் நடுவில் உன் ரெண்டு விரலை வைத்தால்தான் முடியும். பட்டையின் உள்பக்கம் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. பாப்பா உடம்பில் அன்று ஒரு கீறல் இல்லை, குளிப்பாட்டும்போது நானே பார்த்தேன். அப்புறமும் எனக்குத் தோன்றவில்லை, அது யாருடைய ரத்தம் என்று. நான் கத்தினதில் கத்தரி உன் விரலில் பட்டிருக்கிறது. நீ அதை எழுதவே இல்லை.

அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். நேரம் பார்த்தாராம். பதினோரு வருஷம் பஸ்ஸில் வைத்துச் சுற்றியிருக்கிறார். சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போல இருந்தது. அப்புறம் அந்தச் சட்டையையே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் உன் பேரை எடுத்தாலே நான் எப்படி ஆடியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டிருக்கிறேன். ஒரு தடவை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போயிருக்கிறேன். எல்லாரையும் சிரிக்க வைக்கிற மனுஷர், வீட்டுக்குள் என்னைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார்.

பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு ஒரு நாள் பேசவில்லை. மறுநாள், "அத்தைக்குப் பைத்தியமா?" என்றாள். "மாத்திரை சாப்பிடறா. நானும் சாப்பிடறேன்" என்றேன். யோசித்தாள். கவுனைக் காட்டினேன். "எனக்கு இப்பவும் பட்டை அரிக்கும்மா. எல்லா டிரஸ்லயும் நகவெட்டியால வெட்டிடுவேன். நீ கத்தரிக்கோலப் பூட்டி வைக்கறியே" என்றாள். எனக்கு இது தெரியாது. நான் பட்டை தைக்கிறவள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை உங்கள் மூட்டையை ஓட்டல் விரிப்புகளோடு சேர்த்துப் பெரிய மெஷினில் போட்டேன். "என்ன லேபிள் அக்கா, ஒட்டிக்காதா?" என்றாள் தண்ணீரைத் துப்பினவள். "எனக்கு ஏற்கெனவே இருக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். இஸ்திரி அக்கா சிரிக்கவில்லை, வந்து பட்டனை அழுத்தினாள். மேனேஜரிடம் திங்கட்கிழமை லீவு கேட்டேன். எதற்கு என்றார். நாத்தனாரைக் கூட்டி வர என்றேன். எங்கேயிருந்து என்றார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் எடுத்தாரா தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டாயிற்று. திங்கட்கிழமை பத்து மணிக்கு வருகிறேன். இஸ்திரி அக்கா கூட வருகிறாள், பஸ்ஸில் நான் இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்ள. பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. இன்று காலை பூட்டை அஞ்சு தடவை பார்த்தேன். நீ உள்ளே இருக்கும்போது எத்தனை தடவை பார்ப்பேனோ. பார்த்தால் கேட்டுவிடு, மனசுக்குள் வைத்துக்கொள்ளாதே. நீயும் ஜன்னலை மூடச் சொல்லிக் குரல் ஏதும் கேட்டால் சொல்லிவிடு. எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

உனக்கு ஒரு சட்டை வாங்கியிருக்கிறேன், நீலம். அதில் நம்பர் தைக்கவில்லை. ஆனால் கழுத்தில் கம்பெனிப் பட்டை இருக்கிறது, அதே மாதிரி முரட்டு நைலான். கத்தரியை எடுத்தேன், வெட்டிவிடலாம் என்று. அப்புறம் வெட்டவில்லை. நீயே வந்து வெட்டிக்கொள். பாப்பாவுக்கும் பள்ளிக்கூடச் சட்டை ரெண்டு இருக்கிறது. பீரோவைத் தேட வேண்டாம். கத்தரிக்கோல் ஜன்னல் பக்கத்து ஆணியில் தொங்கும்.

அண்ணி